குணமானவர்களுக்கும் சான்றிதழ் வேண்டும்



தம்மைக் கூப்பிட்ட பத்துத் தொழுநோயாளிகளை, ஆசாரியரிடம் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி இயேசு அனுப்பினார் (லூக்கா 17). சுகமானாலும் ஆசாரியர் பார்த்துச் சொன்னால்தான் ஊர் ஏற்றுக்கொள்ளும். இன்று அரசு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது, நோய் விட்டுச்சென்ற ஊனத்தை.

தொழுநோய்க் கிருமி 6 அல்லது 12 மாதக் கூட்டுமருந்தில் ஒழியும். நெடுநாள் கெட்ட நரம்போ பெரும்பாலும் திரும்பாது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் தாய்க்கு விரல் மரத்தால் நூல் கட்ட வராது. அடுப்புச் சூடும் தெரியாது. கை பார்வைக்கு நன்றாயிருப்பதால், "உனக்கென்ன குறை?" என்பார்கள்.

ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குணமான தொழுநோயாளியின் உணர்ச்சியிழப்பையும் கணக்கில் எடுக்கிறது. பாதிப்பு 40 சதவீதமாவது உண்டென்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு வழி திறக்கும். மாநில அரசின் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மனுச் செய்யலாம்.

அந்தச் சான்றுக்காக ஆதார், புகைப்படம், பழைய சிகிச்சைச் சீட்டுகளோடு அவர்கள் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். போகிற ஒவ்வொரு நாளும் பீடிக் கூலி இல்லை. ஆகவே உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு, பஸ் கட்டணத்துக்கும் மனு எழுதித் துணைபோகிறவருக்கும் சேரட்டும். அதுவும் சிகிச்சையே.