தோட்டா பெரிது, துப்பாக்கி தாங்குமா?

கௌபாய் படங்களில் வரும் ரிவால்வர்களில் எது சிறந்தது என்று நம் ஜொகூர் இளைஞர்கள் கேட்பதுண்டு. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்துச் சுடும் ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ வகை அது. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வர் கருமருந்துக் காலத்தது. அதே .45 கோல்ட் அளவில் இன்று கிடைக்கும் வீரியமான தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால், உருளை வெடித்துக் கையே போகலாம். உள்ளே நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது!

1955இல் .44 மேக்னம் தோட்டா வந்தது. அதைத் தாங்க ரூகர் நிறுவனம் 1959இல் ‘சூப்பர் பிளாக்ஹாக்’ தயாரித்தது. எடை ஏறக்குறைய 1.3 கிலோ. எடை கூடினால் உதைப்பு குறையும். 1973 முதல் வந்த ரூகர் ரிவால்வர்களில், தவறி விழுந்தாலும் வெடிக்காத பாதுகாப்பு அமைப்பு உண்டு. பழையவற்றில் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவார்கள்.

ஆனால், மலேசியாவில் முதலில் பார்க்க வேண்டியது சட்டம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் கட்டாயம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. எனவே இளைஞர்களே, அந்த ஆசை திரையோடு நிற்கட்டும்.