கேமராக் கடனும் மஞ்சள் படமும்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் குழு உறுப்பினர்கள் மூவர் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"போட்டோ எடுத்து இன்டர்நெட்டுல போட்டா டாலர்ல பணம் வருதாமே, நெசமா?" என்று போன கூட்டத்தில் நிறையப் பேர் எங்களைக் கேட்டீர்கள். வருவது நிஜம்தான். எவ்வளவு வருகிறது, அதற்கு முன்னால் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு மைக் பிடித்திருக்கிறோம்.

2014இல் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கினோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை. காது குத்து, சீர், வளைகாப்பு எதுவானாலும் டவுனிலிருந்துதான் போட்டோக்காரர் வர வேண்டும். அந்த வேலையை நாமே செய்யலாமே என்று நினைத்தோம். ஈரோட்டில் 14,500 ரூபாய்க்குப் பழைய நிக்கான் டி3100 கேமரா ஒன்று கிடைத்தது. 18-55 லென்ஸும் கூடவே வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு, படம் கலங்கியது. 50 மி.மீ. லென்ஸ் போட்டால் வெளிச்சம் நன்றாக வாங்கும் என்றார்கள். சொன்னது சரிதான். புதுசு விலை கூடுதல் என்று ஒரு கடையில் பழையது ஒன்றை 4,800 கொடுத்து வாங்கினோம். வீட்டுக்கு வந்து மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகவே இல்லை. உடைந்த லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து மறுநாளே ஓடினோம். "வித்த சரக்கு வித்ததுதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையில் லென்ஸ் உடையவில்லை. நிக்கானில் வெறும் ஏஎஃப் என்று போட்டிருக்கும் லென்ஸுக்கு மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் மோட்டார் இருந்தால்தான் அது தானாக ஃபோகஸ் ஆகும். எங்கள் டி3100க்குள் அது இல்லை. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருந்தால் லென்ஸிலேயே மோட்டார் இருக்கும். இந்த ஒரே ஒரு 'எஸ்' எழுத்து தெரியாமல் ஐந்தாயிரம் ரூபாயை முடக்கினோம். வாங்கும்போதே மாட்டி நாலு படம் எடுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஒரு கறவை மாடு வாங்கினால் பால் பீச்சிப் பார்க்காமல் ஓட்டி வருவோமா?

அந்த லென்ஸைக் கையால் திருப்பித்தான் எடுக்க வேண்டும். ஃபோகஸ் சரியாக விழுந்தால் பார்க்கிற கண்ணாடிக்குள் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஓடுகிற பிள்ளையை அப்படி எடுக்க முடியாது. ஓடாத பொருளை எடுக்கலாம். அப்படித்தான் களத்தில் காய்கிற மஞ்சளை எடுக்க ஆரம்பித்தோம். வேகவைத்தது, விரலி, கிழங்கு, பாலீஷ் போட்டது என்று நம்ம ஊரில் மஞ்சளுக்கா பஞ்சம்? காலை எட்டு மணிக்குள்ளும் சாயங்காலம் நாலரைக்கு மேலும்தான் படம் நன்றாக வரும். உச்சி வெயிலில் மஞ்சள் வெளுத்துப் போய்விடும்.

இன்னொரு செலவையும் சொல்லிவிடுகிறோம். முதல் ஐப்பசி மழைக்கு லென்ஸைப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்தோம். தை மாசம் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை! துடைத்து வாங்க 900 ரூபாய் ஆனது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். நீலக் குருணை ஈரம் குடித்தால் ரோஸ் கலராகும், சூடாக்கினால் மறுபடியும் நீலமாகும். சமைக்கிற பாத்திரத்தில் சூடாக்கிவிடாதீர்கள், அது விஷம். குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது.

இனி டாலர் கதைக்கு வருவோம். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களில் நாம் படத்தைப் போட்டு வைக்கலாம். புத்தகம் போடுகிறவர்கள், விளம்பரம் செய்கிறவர்கள் பணம் கட்டி எடுத்துக்கொள்வார்கள். படம் நம்முடையதாகவே இருக்கும், ஒரே படம் பல தடவை விற்கும். அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு விற்ற விலையில் நூற்றுக்கு 33 பங்கு நமக்கு. ஆனால் வாங்குகிறவர்கள் மொத்தமாகச் சந்தா கட்டி எடுப்பதால் ஒரு படத்துக்கு ஒரு டாலர் கூடக் கிடைக்காமல் போகும். 25 டாலர் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். எங்களுக்கு முதல் 25 டாலர் சேர 11 மாதம் ஆனது.

முதலில் அனுப்பிய 20 படத்தில் 14 திரும்பி வந்தது. டிராக்டரில் கம்பெனி பெயர் தெரிகிறது, படத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஒரே மாதிரி ஐந்து இருக்கிறது என்று காரணம். படத்தோடு ஆங்கிலத்தில் தேடு சொற்களும் எழுத வேண்டும். காலேஜ் படிக்கிற எங்கள் பிள்ளை ஒருத்தி மஞ்சளுக்கு 'எல்லோ' என்று எழுதி வைத்திருந்தாள். ஆறு மாதம் ஒன்றுகூடப் போகவில்லை. 'டர்மரிக்' என்று மாற்றிய பிறகுதான் விற்றது.

முகம் தெரிகிற படம் என்றால் அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மஞ்சள் பிரிக்கிற பெரியம்மா ஒருவரை எடுத்தோம், அத்தனை அழகான படம். படிவத்தைக் கொண்டுபோனோம். "ஏனம்மிணி, இதை ஆரு வாங்குவாங்க?" என்றார். தெரியாது என்றோம். "என்ற மூஞ்சிக்குக் கீழ என்ன எழுதுவாங்க?" என்றார். அதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடு சொற்களைப் பார்த்தோம். விவசாயி, கிழவி என்பவற்றுக்கு நடுவில் 'பாவர்ட்டி' என்றும் இருந்தது. வறுமை என்று அர்த்தம். அப்படி எழுதினால் நிறையத் தேடுவார்கள் என்று பிள்ளை எழுதியது. அந்தப் பெரியம்மா மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர், யாரிடமும் கடன் நின்றதில்லை. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் படத்தைப் போடவில்லை. அன்றிலிருந்து கை மட்டும் தெரிகிற மாதிரி எடுக்கிறோம். அவருக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். வேண்டாம் என்றாலும் கேட்காமல் நாற்பது ரூபாய் கையில் வைத்தார்.

கணக்குச் சொல்கிறோம். இதுவரை 400 படத்துக்கு மேல் போட்டு, இத்தனை வருசத்தில் வந்தது சுமார் 31,000 ரூபாய். 2022க்குப் பிறகு கம்ப்யூட்டரே செய்து தருகிற படங்களும் வந்துவிட்டதால் எங்கள் விற்பனை குறைந்திருக்கிறது. 20,000 கடனை அடைத்தது டாலர் இல்லைங்க. பாஸ்போர்ட் சைஸ் படமும், காது குத்தும், வங்கிக் கடனுக்குக் கறவை மாட்டோடு நிற்கிற படமும்தான் அடைத்தது. டாலர் வரும் கணக்கு ஒருத்தர் பேரில், ஒரு பான் கார்டில்தான் இருக்கும். அதனால் மூன்று பேரும் பங்கு பிரிப்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதைச் செய்யாமல் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

யாராவது புதிதாகக் கடன் கேட்டால் முதலில் கையில் இருக்கிற போனிலேயே ஆறு மாதம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கேமராவை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறோம். அந்த 50 மி.மீ. லென்ஸும் வரும், திருப்பிப் பார்க்க ஆசை உள்ளவர்கள் பார்க்கலாம்.