‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்குப் பின்



வெள்ளாற்றின் ஒரு கரையில் லப்பைக்குடிக்காடு, மறுகரையில் திட்டக்குடி. கடல் கடந்து பொருளீட்டச் சென்றோரின் இல்லங்கள் இவ்வூரில் பல. அத்தகைய இல்லத்தில் வாழும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். திட்டக்குடிக்குப் பேருந்தில் செல்கையில் காரணமேதுமின்றி அவருக்கு நெஞ்சு படபடக்கிறது; மூச்சு முட்டுகிறது; விரல்கள் மரத்துப் போகின்றன; உயிரே பிரியப் போகிறது என்று தோன்றுகிறது. உறவினர் மருத்துவமனைக்கு விரைகின்றனர். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, “ஒன்றுமில்லை” என்று அனுப்பி விடுகின்றனர்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்பது மெய். அப்பெண்மணிக்கே ஒன்றுமில்லை என்பது மெய்யன்று. அவருக்கு நேர்ந்தது பீதித் தாக்கு. பேச்சு வழக்கில் ‘பேனிக் அட்டாக்’. முதன்முறை நெஞ்சு வலிக்கையில் இதயத்தைச் சோதிப்பது கட்டாயம். தைராய்டையும் பார்த்து விடுவது நலம். அதன் பின்னும் நோய்க்குப் பெயர் சொல்லாது அனுப்புவதுதான் பிழை.

பாம்பைக் கண்டால் உடலில் அட்ரினலின் பெருகும். ஓடுவதற்கு ஆயத்தமாக இதயம் விரையும். பீதித் தாக்கில் பாம்பு இல்லை, ஓட்டத்துக்கான ஆயத்தம் மட்டும் நிகழ்கிறது. மூச்சு மிகுதியாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; மரத்துப் போவதும் தலைசுற்றலும் அதன் விளைவு. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, தானே தணியும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் இதனை ஒத்த படபடப்பைக் கண்டு டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871இல் எழுதினார். தனி நோயாக அமெரிக்க மனநல வகைப்பாட்டில் அது இடம்பெற்றதோ 1980இல்தான்.

தாக்கைவிடக் கொடியது அதற்குப் பின் வரும் அச்சம். அப்பெண்மணி முதலில் பேருந்தைத் தவிர்ப்பார். பின்னர்க் கடைத்தெருவை, திருமண வீடுகளை. தவிர்க்குந்தோறும் அச்சம் வலுக்கும்.

ஆகவே சிகிச்சை எதிர்த்திசையில் செல்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், மாடிப்படி ஏறச் செய்தும் வேகமாக மூச்சு விடச் செய்தும் அதே படபடப்பை மருத்துவமனையிலேயே வரவழைப்பர். வந்தது, போயிற்று, உயிருக்கு ஊறில்லை என்று உடலே கற்கும். பின்னர் ஒரு நாள் பேருந்து நிறுத்தம் வரை. மறுநாள் ஒரு நிறுத்தத் தொலைவு. இவ்வாறு அக்கரை வரை.

மருந்துகளும் உண்டு. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பயன்தரச் சில வாரங்களாகும். தொடக்க நாட்களில் பதற்றம் சற்று மிகவும் கூடும். அல்பிரசோலம் உடனே தணிக்கும், ஆனால் பழக்கமாகி விடும். அண்டை வீட்டார் தம் மாத்திரையில் பாதியைக் கொடுத்துதவும் அன்பு இங்கே வேண்டாம். ரமலான் நோன்போ பர்யூஷண உபவாசமோ, மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. வேளையை மாற்றிக்கொள்ள மருத்துவரை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பேருந்தில் மீண்டும் தாக்கு வருமாயின், உடன் செல்வோர் அவரைப் பதறி இறக்கிவிட வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வெளிவிடச் சொல்லி, திட்டக்குடி வரை உடன் சென்றால் போதும்.