ஒரு வேளையாவது ஒன்றாய் உண்போம்!

(சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த ஊரில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இனியும் பேசுவோம். இன்று ஒரு சின்ன விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். கேட்பதற்குத்தான் சின்னது, யோசித்துப் பார்த்தால் சின்னதல்ல.

நேற்று இராத்திரி, வீட்டில் உள்ள அத்தனை பேரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? ஆடித்தபசு அன்று சாப்பிட்டோம் என்பார் ஒருவர். பொங்கலன்று சாப்பிட்டோம் என்பார் இன்னொருவர். சங்கரநாராயணரைக் காணக் கோமதியம்மன் தபசு இருந்ததாக நமது ஊர்த் தலபுராணம் சொல்கிறது. நமது வீடுகளிலோ, பெற்ற தகப்பனோடு ஒரு வாய்ச் சோறு உண்பதற்குப் பிள்ளைகள் வருஷம் முழுவதும் தபசு இருக்கிறார்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நாலு பேர், நாலு தட்டு

பேர் வேண்டாம். நம்மில் பலருடைய வீடு அது. தகப்பன் விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. இரவு ஷிப்டு என்றால் எட்டு மணிக்குப் போய் மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்புகிறார். தாய் விடியுமுன்னே நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கப் போகிறாள். மொட்டு விரியுமுன்னே பூ மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? திரும்பி வந்ததும் சமையல். அதன் பிறகு பொழுது சாயும்வரை தார் சுற்றும் வேலை. வீட்டில் ஒரு ஆச்சி. பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமி.

அந்த வீட்டில் சோற்றுப் பானை ஒன்றுதான். அது ஒரு நாளில் நாலு முறை திறக்கப்படுகிறது. நாலு முறையும் ஒரே ஒரு தட்டுத்தான்! ஆச்சி தனியாக, சிறுமி தனியாக, தகப்பன் தறிக்கூடத்தில் தூக்குவாளியோடு தனியாக, எல்லாம் முடிந்தபின் தாய் அடுப்படியில் தனியாக.

நாங்கள் போயிருந்தபோது அந்தச் சிறுமி சொன்னாள்: “எங்கப்பா சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. தூங்கித்தான் பாத்திருக்கேன்.”

தோழர்களே, இந்தச் சொல்லைக் கேட்டபின் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரத்தைத் தின்றது யார்?

குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று நமக்கு உபதேசம் செய்ய ஆட்கள் உண்டு. நேரம் நமது கையில் இருந்தால் அல்லவா திட்டமிடுவதற்கு!

தறி ஓடினால்தான் கூலி. ஊடை அறுந்து தறி நின்றால், கூலியும் நின்றது. சோறு உண்பதற்காக அரைமணி நேரம் தறியை நிறுத்தினால் அந்த அரைமணி நேரக் கூலி போயிற்று. ஆகவே என்ன செய்கிறோம்? ஒரு கண் தறியில், ஒரு கண் தூக்குவாளியில். நின்றபடியே நாலு கவளம். பஞ்சுத் தூசி குழம்பில் விழுகிறது. அதையும் சேர்த்து விழுங்குகிறோம். யாரும் நம்மைச் சாட்டையால் அடிக்கவில்லை. பீஸ் கணக்கு என்ற சாட்டையை நாமே கையில் பிடித்து நம்மையே அடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்!

வயலில் என்ன நிலைமை? நடவுக்கோ களையெடுப்புக்கோ போகும் பெண் கருக்கலில் எழுந்து, மூன்று வேளைக்கும் பொங்கி வைத்துவிட்டு, தன் பங்கைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். பழைய தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் குடும்பங்கள் விடியுமுன்னே வயலில் இறங்கி இருட்டியபின் கரையேறின. தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அவர்களைச் சங்கமாகத் திரட்டிய பிறகுதான், போராட்டங்களின் விளைவாக, 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதோடு வீடு திரும்புவதைக்கூட நமது ஜனங்கள் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

இது புதுக் கதையல்ல. இங்கிலாந்தில் 1850ல் வந்த சட்டம், காலை உணவுக்கு அரைமணி, மதிய உணவுக்கு ஒரு மணி என்று விதித்தது. ஆலை முதலாளிகள் என்ன செய்தார்கள்? காலையில் யந்திரத்தைக் கால்மணி நேரம் முன்னதாக ஓட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் கடித்தெடுத்தார்கள். இந்த நிமிஷத் திருட்டைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களே அறிக்கையில் எழுதினார்கள். 1867ல் வெளியான ‘மூலதனம்’ நூலில் வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் அந்த அறிக்கைகளை எடுத்துக் காட்டியிருக்கிறார். தொழிலாளியின் சோற்றுத் தட்டிலிருந்து திருடிய நிமிஷங்கள் லாபமாக மாறிய விதத்தை அங்கே காணலாம்.

நமது நாட்டில் ஆலைத் தொழிலாளிக்கு நடுப்பகலில் அரைமணி நேர ஓய்வு சட்டத்தில் வந்தது 1891ல். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரைமணியாவது ஓய்வு தர வேண்டும், வாரத்தில் 48 மணிக்கு மேல் வேலை கூடாது என்றது. 150 பேருக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து சாப்பிட இடமும், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீனும் வேண்டும் என்றது.

ஆனால் அந்தச் சட்டம் யந்திரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் உள்ளே நுழையும். நாலு பேர் வேலை செய்யும் தறிக்கூடத்தின் வாசலில் அது செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றது! 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. கேன்டீனுக்கு 250 பேர் என்றிருந்ததை 100 ஆகக் குறைத்திருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு என்பதைச் சட்டத்திலேயே எழுதாமல், சர்க்கார் அறிவிக்கும் என்று விட்டுவிட்டார்கள். சட்டத்தில் எழுதியிருந்த அரைமணியையே நம்மால் முழுதாக வாங்க முடியவில்லை. எழுதாத அரைமணியை யார் தரப்போகிறார்கள்?

2023 ஏப்ரலை மறக்க வேண்டாம். நமது மாநிலச் சட்டசபையில் ஏப்ரல் 21ஆம் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஒற்றுமை செய்த வேலை அது! 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றி நூறு வருஷம் நிறைந்த அதே மே தினத்தில் அது நடந்தது.

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்குள் என்ன இருந்தது? உறக்கம் இருந்தது, படிப்பு இருந்தது. கூடவே ஒரு குடும்பம் விளக்கு வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த அரைமணி நேரமும் இருந்தது.

“சோறு போடுறது யாரு?”

இவ்வளவையும் நாங்கள் ஒரு தெருக் கூட்டத்தில் பேசியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மதினி எழுந்து நின்றார். “சேந்து சாப்பிட நாங்க தயார்தான். ஆனா எல்லாரும் உக்காந்துட்டா சோறு போடுறது யாரு?” என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் முதலாளி திருடும் நேரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசத் தெரிந்த நாம், வீட்டில் நாம் திருடும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்திய சர்க்கார் 2019ல் ஜனங்கள் நேரத்தை எவ்விதம் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது 299 நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம். அதிலும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்! தறிக்கூடத்தில் ஒரு ஷிப்டு, வீட்டில் ஒரு ஷிப்டு என்று நமது தாய்மார்கள் இரண்டு ஷிப்டு உழைக்கிறார்கள். இரண்டாவது ஷிப்டுக்குக் கூலியும் இல்லை, வார விடுமுறையும் இல்லை.

கடைசியில் சாப்பிடுகிறவளின் தட்டில் என்ன மிஞ்சுகிறது? ரசமும் அடிப்பிடித்த சோறும். மீன் குழம்பு வைத்த நாளில் அவளுக்கு வாலும் முள்ளும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பானையின் அடியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்துக்கு அதில் பங்கு இல்லை என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

சங்க வேலை செய்யும் நாமும் குற்றவாளிகள்தான். ஏழு மணிக் கூட்டத்தை எட்டரைக்குத் தொடங்குகிறோம். பத்தரைக்கு முடித்து, டீக்கடையில் பதினொன்று வரை உலக அரசியல் பேசுகிறோம். வீட்டில் தட்டை மூடிவைத்துக்கொண்டு ஒருத்தி விழித்திருக்கிறாள். உழைப்பவன் நேரத்தை மதிக்காத முதலாளியைக் கண்டிக்கும் நமக்கு, அவள் நேரத்தை மதிக்கத் தெரிய வேண்டாமா?

முதலில் வயிறு நிறையட்டும், பிறகு சேர்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம் என்பார்கள் சிலர். வயிறு நிறையப் போராடத்தான் வேண்டும். ஆனால் இருக்கும் கஞ்சியைப் பங்கிட்டு உண்ணும் இடத்தில்தான் பிள்ளை நமது பாட்டைத் தெரிந்துகொள்கிறது. தறிக்கூடத்தில் இன்று என்ன தகராறு, கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், பூ என்ன விலைக்குப் போயிற்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன சொன்னார்—இவையெல்லாம் அந்த வட்டத்தில்தான் பேசப்படுகின்றன. வேலைநிறுத்தம் என்று வந்தால் வீடு நம் பக்கம் நிற்பதற்கும் அந்தப் பேச்சே வேர்.

என்ன செய்யலாம்?

முன்னே சொன்ன அந்த வீட்டுக்கே திரும்புவோம். இரவு ஷிப்டு வாரத்தில் தகப்பன் சாயங்காலம் நாலு மணிக்கு எழுகிறார். ஏழரைக்குத்தான் கிளம்ப வேண்டும். சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். ஆச்சி இருக்கிறார். தாயும் தார் சுற்றிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறாள். ஏழு மணிக்கு நாலு பேரும் உட்காரத் தடை என்ன? சோறு ஆகியிருக்காது, அது ஒன்றுதான் தடை! உலை வைத்து அரிசி களைந்து போட ஆண்பிள்ளைக் கைக்கு என்ன குறைச்சல்? பாவு இழையின் ஒற்றை நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் கைக்கு வெங்காயம் உரிக்க வராதா?

அந்தத் தோழர் செய்து பார்த்தார். முதல் நாள் குழம்பு உப்புக் கரித்ததாம். ஆச்சி ஒரு வாய் உண்டுவிட்டு, “ஐயா, கடலையே கொண்டாந்துட்டியே” என்றாராம். ஆனாலும் பானையை நடுவில் வைத்து, அவரவரே போட்டுக்கொண்டு, நாலு பேரும் உண்டார்கள். அந்தச் சிறுமி தன் தகப்பன் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

ஆகவே நாங்கள் சொல்வது இது:

தறிக்கூடத்தில், ஷிப்டுக்கு அரைமணி நேரம் தறியை நிறுத்திச் சாப்பிடும் உரிமையையும், அந்த அரைமணியைச் சேர்த்துக் கணக்கிட்ட கூலியையும், உட்கார இடத்தையும் குடிதண்ணீரையும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். நாலு பேர் உள்ள கூடமானாலும் சரி, நாற்பது பேர் உள்ள கூடமானாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே கோரிக்கை. தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காது.

வயலில், வரப்பில் உட்காரும் நேரத்தை யாரும் களவாட விடக் கூடாது. தூக்குவாளியைத் திறக்கும்போது சாதிக்கு ஒரு வரப்பு என்று பிரிந்து உட்காரும் வழக்கத்துக்கும் முடிவு கட்டுவோம்.

சங்கத்தில், கூட்டங்களைக் குறித்த நேரத்தில் தொடங்கி எட்டு மணிக்குள் முடிப்போம்.

வீட்டில், நாளுக்கு ஒரு வேளை எல்லோரும் ஒன்றாக உண்போம். அது காலையா, இரவா என்பதை அந்தந்த வாரத்து ஷிப்டைப் பார்த்து வீடே முடிவு செய்யட்டும். சமைத்தவர் உட்காரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம். உண்டபின் தட்டுக் கழுவ ஆண்பிள்ளைகள் எழட்டும். அந்த அரைமணி நேரம் டி.வி.யும் செல்போனும் வாய் மூடியிருக்கட்டும்.

தாய்மார்களே, அடுத்த கூட்டத்தில் நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். நேற்று இராத்திரி சேர்ந்து சாப்பிட்டவர்கள் யார் என்று மறுபடியும் கேட்போம். யார் கை உயர்கிறது என்று மட்டுமல்ல, அன்று உலை வைத்தது யார் கை என்றும் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

இப்போது மணி ஏழே முக்கால். பேச்சை முடிக்கிறோம். டீக்கடைக்குப் போகாமல் எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், சோறு ஆறிவிடும்.