பொன்வண்டின் பச்சை

வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில், மழைக்காலத்தில் ஒரு பிள்ளை தீப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டால், உள்ளே பொன்வண்டு இருக்கிறது என்று அர்த்தம். கொடுக்காப்புளி இலைதான் அதற்குச் சாப்பாடு.

முதுகில் மினுங்கும் அந்தப் பச்சை ஓடு உண்மையில் முன்னிறக்கை. கெட்டிப்பட்டு மூடியாகிவிட்டது. பறக்கும் மெல்லிய இறக்கை அதனடியில் இருக்கிறது. உடம்பு முழுக்கவே கைட்டின் என்ற பொருளும் புரதமும் சேர்ந்த தகடுகள்தான். நடுநடுவே மெல்லிய தோல். அந்தத் தோல் இல்லாவிட்டால் வண்டால் காலைக்கூட மடக்க முடியாது.

ஆரணிப் பட்டின் பச்சைக்குச் சாயம் வேண்டும். பொன்வண்டின் பச்சைக்குச் சாயமே கிடையாது! ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும்போது பிறக்கும் நிறம் அது. வண்டைச் சற்றே சாய்த்துப் பாருங்கள், பச்சை மாறும். காலம் போனாலும் எளிதில் மங்காது.

இந்த இறக்கை ஓடுகளை மெல்லிய துணியில் தைத்து, 19ஆம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து சீமைக்கு அனுப்பினார்கள். 1888இல் லண்டன் மேடையில் லேடி மாக்பெத்தாக நடித்த எல்லன் டெர்ரியின் உடையில் சுமார் 1,000 வண்டிறக்கைகள். பழுதுபார்த்த அந்த உடையை இன்றும் இங்கிலாந்தில், ஸ்மால்ஹைத்தில் அவர் வாழ்ந்த வீட்டில் பார்க்கலாம்.