விலை பேசப்பட்ட பனிநிலம்



வாங்கியவன் வாழ்ந்தான், விற்றவன் ஏமாந்தான் என்று அலாஸ்காவின் கதையை முடித்துவிடுவோர் உண்டு. 1867 மார்ச் 30ஆம் நாள், 15 இலட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் எழுதிக் கொடுத்தது ரஷ்யப் பேரரசு. ஏக்கருக்கு இரண்டே சென்ட்! ஏன் விற்றார் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர்? கிரிமியப் போரிலே பட்ட வடு ஆறவில்லை. இன்னொரு போர் மூண்டால், அண்டையிலே ஆண்டுகொண்டிருந்த பிரிட்டன் காசின்றியே அதைக் கவர்ந்துகொள்ளும் என்ற அச்சம்!

சற்றே கற்பனை செய்வோம். அந்நிலத்தைப் பிரிட்டன் பெற்றிருந்தால்? சிட்கா கோட்டையிலே வேறொரு கொடி. வரைபடத்திலே வேறொரு வண்ணம். எண்ணெய்ச் செல்வம் வேறொரு கருவூலத்திற்கு. அங்கே வாழ்ந்த மக்களுக்கு?

விடை கனடாவிலே இருக்கிறது. ரூபர்ட் நிலம் எனும் பெரும்பரப்பை 3 இலட்சம் பவுனுக்குக் கனடாவிடம் விட்டுக்கொடுக்க இசைந்தது ஹட்சன் விரிகுடா கம்பெனி. "எங்களைக் கேட்டீரா?" என்று 1869இல் செவ்வாற்றங்கரையிலே எழுந்தனர், பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்து பிறந்த மேத்தி இனத்தார். அவர்தம் தலைவர் லூயி ரியேல் 1885இல் மீண்டும் கிளர்ந்தபோது, கிடைத்தது தூக்குக் கயிறு!

அலாஸ்காவிலே நடந்ததென்ன? ரஷ்யர் ஆயிரம் பேர்கூட அங்கே குடியிருந்ததில்லை. 1804இல் அவர்களை எதிர்த்துச் சிட்காவிலே போரிட்ட திலிங்கித் மக்கள், தம் மண்ணை எவருக்கும் விற்றதில்லை. ஒப்பந்தமோ பழங்குடிகளை நாகரிகமற்றோர் என்றது. குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1882இல் அங்கூன் ஊரைப் பீரங்கியால் தாக்கி எரித்தது அமெரிக்கக் கடற்படை. மன்னிப்புக் கேட்டதோ 2024இல், 142 ஆண்டுகள் கழித்து!

1968இல் எண்ணெய் கண்டார்கள். குழாய் பதிக்க வழி வேண்டியிருந்தது. அப்போதுதான், 1971இல், பழங்குடிகளின் உரிமைக்குச் சட்டம் பிறந்தது: 4 கோடியே 40 இலட்சம் ஏக்கர் நிலம், ஏறத்தாழ 96 கோடி டாலர் ஈடு. ஜாருக்குத் தந்த விலையைப்போல் 130 மடங்குக்கும் மேல்! உரியவரைக் கேளாது முடித்த பேரத்தின் கடன் அது.

பழங்கதை என்பீரோ? 1946இல் கிரீன்லாந்துக்கு 10 கோடி டாலர் விலை சொன்னது அமெரிக்கா. 2019இலும் அதே பேச்சு எழுந்தது!

தோழர்களே, வாங்குவோரை மாற்றி எழுதினால் கொடிதான் மாறும். மக்களைக் கேட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதே நாம் எழுதிப் பார்க்கவேண்டிய மாற்று வரலாறு. எங்கே நிலத்திற்கு விலை பேசப்பட்டாலும் கேளுங்கள்: அங்கே வாழ்வோரின் கையெழுத்து எங்கே?