பூசியதா, பதித்ததா?

 

‘அதிர்ச்சிக் கலையும் அருங்காட்சியகமும்’ என்பது நம் கருத்தரங்கின் பொருள். கருத்துச் சுதந்திரம், பொதுப்பணம், சமய உணர்வு ஆகியவை பற்றி அடுத்தடுத்த அமர்வுகளில் விரிவாகக் கேட்கப்போகிறோம். புரூக்ளின் வழக்கும் நீங்கள் அறிந்ததே. 1999 அக்டோபரில் ‘சென்சேஷன்’ கண்காட்சி புரூக்ளின் அருங்காட்சியகத்தில் திறந்தது. கிறிஸ் ஒஃபிலியின் ‘புனித கன்னி மரியாள்’ படத்தைக் காரணம் காட்டி, நியூயார்க் மேயர் ரூடி ஜூலியானி நகர மானியத்தில் கைவைத்தார். நவம்பர் 1 அன்று நீதிபதி நீனா கெர்ஷன் அருங்காட்சியகத்துக்குச் சாதகமாக இடைக்கால ஆணை பிறப்பித்தார். அந்த ஆணை சரியானது. என் வழக்கு வேறு. அது ஒரு வினைச்சொல்லைப் பற்றியது.

யானைச் சாணம் ‘பூசப்பட்ட’ மரியாள் என்றே அன்றைய செய்திகள் பலவும் எழுதின. தமிழில் நாம் இன்னும் ஒரு படி போய், ‘சாணி அடித்த’ என்று எழுதினோம். நம் ஊரில் சுவரொட்டியில் இருக்கும் முகத்தின்மீது சாணி அடித்தால், அது அவமதிப்பு. அதற்கு விளக்கம் தேவையில்லை. அப்படி எழுதிய கணத்திலேயே தீர்ப்பும் எழுதியாயிற்று. எதிர்ப்பக்கம் நின்றவர்களோ, வாசலில் சாணம் தெளிப்பதையும் மார்கழிச் சாணப் பிள்ளையாரையும் காட்டி, சாணம் புனிதம் என்றார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. மான்செஸ்டரில் பிறந்த கத்தோலிக்க ஓவியரான ஒஃபிலிக்கு நம் வாசல் வழக்கம் சாட்சி சொல்லாது.

படத்தைப் பாருங்கள். ஏறத்தாழ எட்டடி உயரம். மரியாளின் மார்பில் ஒரு சாண உருண்டை பதிக்கப்பட்டிருக்கிறது. படம் சுவரில் மாட்டப்படவில்லை; வேறு இரண்டு உருண்டைகளின்மேல் நின்று சுவரில் சாய்ந்திருக்கிறது. அவ்விரண்டிலும் வண்ணக் குண்டூசிகளால் அவள் பெயரை எழுதியிருக்கிறார் ஒஃபிலி. எதுவும் பூசப்படவில்லை, எதுவும் அடிக்கப்படவில்லை. படத்தின்மேல் பூச்சு விழுந்தது 1999 டிசம்பர் 16 அன்று. பூசியவர் ஒஃபிலி அல்லர். பார்க்க வந்த 72 வயது முதியவர். பூசியது வெள்ளைச் சாயம்.

பல ஆண்டுகளுக்கு முன் இதை நான் கட்டுரையாக வாசித்தபோது, “இது சொல்லாராய்ச்சி, கலை ஆராய்ச்சி அன்று” என்றார் என் மதிப்பிற்குரிய மூத்த அறிஞர் ஒருவர். அவரிடம் பாடம் கேட்டவன் நான்; அந்தக் கடன் தீராது. ஆனால் அவருடைய நூலிலும் அந்த ‘அடித்த’ இருக்கிறது. அதன்மேல்தான் ஓர் அத்தியாயமே நிற்கிறது.

அவருக்கு நான் சொல்லும் விடை இன்னொரு ஓவியம். நாம் போதிய கவனம் தராத சான்று அது. ஒஃபிலி 1998-இல் வரைந்த ‘நோ வுமன், நோ கிரை’. லண்டனில் 1993-இல் இனவெறியர்களால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸின் தாய் அழுகிறார். ஒவ்வொரு கண்ணீர்த்துளிக்குள்ளும் மகனின் முகம். அந்தத் தாயின் கழுத்தணியில் பதக்கமாகத் தொங்குவது சாண உருண்டை. அந்தப் படமும் இரண்டு சாண உருண்டைகளின்மேல்தான் நிற்கிறது. அதை அவமதிப்பு என்று யார் படிக்க முடியும்? அதே கை, அதே பொருள். அங்கே இரக்கத்தைக் காண்கிற கண், மரியாளிடம் மட்டும் ஏன் இழிவைக் காண வேண்டும்?

மரியாளைச் சுற்றிப் பறப்பவை ஆபாச இதழ்களிலிருந்து வெட்டிய துண்டுகள் என்பதை நான் மறைக்கவில்லை. பக்தர் ஒருவர் அதைக் கண்டு புண்பட்டால் அந்தப் புண் உண்மையானது. அதைப் பற்றி வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் அந்த வாதத்தைச் சாணம் விழுங்கிவிட்டது.

இதில் அருங்காட்சியகத்துக்கும் பங்கு உண்டு. இந்தக் காட்சி அதிர்ச்சியும் வாந்தியும் பீதியும் உண்டாக்கலாம் என்று உடல்நல எச்சரிக்கை பாணியில் விளம்பரம் செய்தது புரூக்ளின் அருங்காட்சியகமே. மேயர் வாய் திறப்பதற்கு முன்பே பார்வையாளரின் கண்ணைப் பழக்கிவிட்டார்கள். நீதிமன்றத்தில் தன் உரிமையைக் காத்துக்கொண்ட நிறுவனம், சுவரில் சாய்ந்திருந்த படத்தைக் காக்கும் சொல்லைத் தரவில்லை. படத்தைக் காட்டுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது உரிமையை அல்ல. எது எங்கே, எதன்மேல் இருக்கிறது என்பதை.

2018 முதல் அந்த மரியாள் அதே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு உரியவள். நம் நூல்களில் மட்டும் இன்னும் சாணி அடிக்கப்பட்டவளாகவே இருக்கிறாள். கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்தப் படைப்பை எடுத்தாலும், அது சரியா தவறா என்று சொல்வதற்கு முன் அதை முழுதாக விவரித்துவிடுங்கள். என் மூத்த அறிஞரின் நூல் மறுபதிப்பு காணும்போது அந்த ஒரு வினைச்சொல் மாற வேண்டும் என்றும் பணிவோடு கேட்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.